பரீட்சையில் ஏமாற்றிய லாரி!

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூச்சுக் காட்டவில்லை. "நல்ல வகுப்பு" என்று எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் போகிறார். அவர் தெரு முனையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது!

பிள்ளைகள் இப்படிச் செய்தால் அது குறும்பு. ஆனால், இதையே லாரி என்ஜின்கள் செய்தன. ஒன்று, இரண்டு அல்ல. 13 லட்சம் என்ஜின்கள்!

இது நடந்தது அமெரிக்காவில். குட்டு வெளிப்பட்ட ஆண்டு 1998.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

டீசல் லாரி போனால், சில சமயம் கரும்புகை வரும். அது கரித்தூள். கண்ணுக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

அதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் வருகிறது. அதன் பெயர் நைட்ரஜன் ஆக்சைடு.

நாம் சுவாசிக்கும் காற்றில் 5-ல் 4 பங்கு நைட்ரஜன்தான். அது சாது. யார் வம்புக்கும் போகாது. ஆனால், என்ஜினுக்குள் டீசல் எரியும்போது கடுமையான சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டில், சாதுவான நைட்ரஜன் பிராணவாயுவுடன் சேர்ந்து நஞ்சாக மாறிவிடுகிறது.

இந்த நஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கும். ஆஸ்துமா நோயாளிகளைத் திணற அடிக்கும். வெயில் பட்டால், மற்றப் புகைகளுடன் கலந்து ஓசோன் என்ற வாயுவாகவும் மாறும். வானத்தில் உயரே இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. தரையில் உண்டாகும் ஓசோனோ நெஞ்சுக்குப் பகை!

டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-ம் ஆண்டு அறிவித்தது.

இதனால்தான், "லாரியில் இருந்து இவ்வளவு புகைதான் வரலாம்" என்று பல நாடுகள் சட்டம் போட்டு இருக்கின்றன.

20 நிமிடப் பரீட்சை

சட்டம் போட்டால் போதுமா? அளந்து பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. லாரியில் மாட்டும் என்ஜினைத் தனியாக ஒரு சோதனைக் கூடத்தில் நிறுத்துவார்கள். அதை 20 நிமிடம் ஓட்டுவார்கள். நகரத்தில் ஓடுவதுபோல வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வரும் புகையைப் பிடித்து அளப்பார்கள். அளவுக்குள் இருந்தால் பாஸ்! அதே மாதிரி என்ஜின்களை எல்லாம் விற்கலாம்.

இந்தப் பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாள் தெரியும். எத்தனையாவது விநாடியில் எவ்வளவு வேகம் என்பது கம்பெனிகளுக்கு அத்துபடி.

இந்தச் சமயத்தில்தான் என்ஜினுக்குள் கம்ப்யூட்டர் மூளை வந்தது. டீசலை எந்த நேரத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும்.

டீசலைக் கொஞ்சம் முன்கூட்டியே பீய்ச்சினால் என்ன ஆகும்? சூடு கூடும். டீசல் மிச்சம் ஆகும். ஆனால், நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாகும். லாரிச் சொந்தக்காரருக்கு லாபம்; ஊருக்கு நஞ்சு!

கம்ப்யூட்டருக்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுக்கப்பட்டு இருந்தது. பரீட்சையில் ஓட்டுவதுபோல ஓட்டினால், அது சட்டப்படி நடந்துகொண்டது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடத் தொடங்கியதும் ஆட்டத்தை மாற்றிவிட்டது! வெளியூர் லாரிக்கு நெடுஞ்சாலையில்தானே ஓட்டம்? அங்கே, அனுமதித்த அளவைப்போல 3 மடங்கு வரை நஞ்சு கக்கியது.

6½ கோடி கார்களுக்குச் சமம்!

1998 அக்டோபர் 22-ந் தேதி, அமெரிக்க அரசு இந்தச் செய்தியை வெளியிட்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்த லாரிகள் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு 13 லட்சம் டன் என்று கணக்கிட்டது. புதிதாக 6½ கோடி கார்கள் சாலையில் இறங்கினால் எவ்வளவு நஞ்சு வருமோ, அவ்வளவு!

7 கம்பெனிகள் இந்த வழக்கில் சிக்கின. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனால்ட், வால்வோ ஆகியவையே அவை.

கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும், சமரசத்துக்கு வந்தன. 8 கோடியே 34 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. சுத்தமான என்ஜின்களை உருவாக்கச் செய்யும் செலவையும் சேர்த்தால், மொத்தம் 100 கோடி டாலருக்கு மேல்!

ஆனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லாரிகள்? அவை உடனே திருப்பி அழைக்கப்படவில்லை. என்ஜினைப் பிரித்துப் பெரிய பழுது பார்க்கும்போது சரி செய்யலாம் என்று விடப்பட்டது. லாரி என்ஜின் பல ஆண்டு உழைக்கும். அதுவரை நஞ்சைக் குடித்தவர்கள் சாலை ஓரத்து மக்கள்!

கருவி ஏறியது சாலைக்கு!

இந்த வழக்கில் ஒரு நன்மையும் விளைந்தது. "பரீட்சையைக் கூடத்தில் மட்டும் வைத்தால் போதாது; சாலையிலேயே வைக்க வேண்டும்" என்ற எண்ணம் பிறந்தது. ஓடும் லாரியிலேயே புகையை அளக்கும் கருவியை உருவாக்கும் வேலை, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவை அந்தக் கம்பெனிகளே!

அந்தப் பல்கலைக்கழகம், 2013-ம் ஆண்டு இன்னொரு வேலை செய்தது. 3 டீசல் கார்களில் இப்படிப்பட்ட கருவியை மாட்டி, சாலையில் ஓட்டிப் பார்த்தது. ஒரு காரை லாஸ் ஏஞ்சல்சில் இருந்து சியாட்டில் வரை ஓட்டிச்சென்று திரும்பினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற என்ஜினீயர்!

முடிவு என்ன? ஒரு கார் பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொண்டது. மற்ற இரண்டும் வோக்ஸ்வேகன் கார்கள். ஒன்று, அனுமதித்த அளவைப்போல 35 மடங்கு வரை நஞ்சு கக்கியது! கூடத்தில் சோதித்தாலோ இரண்டும் பாஸ்!

2015-ம் ஆண்டு உண்மை வெளியாயிற்று. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்தக் கம்பெனி தந்திரம் செய்து இருந்தது. லாரிக்காகத் தொடங்கிய முயற்சி, காரையும் பிடித்துக் கொடுத்துவிட்டது!

இந்தியாவில்...

இந்தியாவில் இந்தச் சட்டத்துக்குப் "பாரத் ஸ்டேஜ்" என்று பெயர். 4-வது படியில் இருந்து, 5-வது படியைத் தாண்டி, நேரே 6-வது படிக்கு நாடு ஏறியது. நாள்: 2020 ஏப்ரல் 1.

முன்பு, லாரி என்ஜின் 1 யூனிட் வேலை செய்தால் 3½ கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரலாம். புதிய சட்டப்படி அரை கிராம்கூட வரக்கூடாது. டீசலில் உள்ள கந்தகமும் 5-ல் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

இது எப்படிச் சாத்தியம்? புதிய லாரிகளில் டீசல் டாங்குக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய டாங்கு இருக்கும். அதில் ஊற்றுவது யூரியாக் கரைசல். சுத்தமான தண்ணீரில் 100-க்கு 32½ பங்கு யூரியா. இது புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது. சூட்டில் அம்மோனியா ஆகிறது. அது நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து, நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. நஞ்சு மறுபடியும் சாதுவாகிவிடுகிறது!

யூரியாக் கரைசல் தீர்ந்தால் விளக்கு எரியும். அப்போதும் ஊற்றாவிட்டால் என்ஜினின் பலம் குறைந்துவிடும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றக்கூடாது. அதில் உள்ள அழுக்கு, விலை உயர்ந்த பாகங்களைக் கெடுத்துவிடும்.

2023 ஏப்ரல் முதல், சாலையில் ஓட்டிப் பார்க்கும் பரீட்சையும் இந்தியாவில் கட்டாயம் ஆயிற்று.

புகைச் சான்றிதழ் போதுமா?

ஆனால், இந்தப் பெரிய பரீட்சைகள் எல்லாம் கம்பெனிகளுக்கு. லாரி விற்று, பல ஆண்டு ஓடிய பிறகு அதைச் சோதிப்பது எது? புகைச் சான்றிதழ்தான்.

அங்கே என்ன செய்கிறார்கள்? நிற்கும் லாரியை முடுக்கி, புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கரியை அது பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை!

ஐரோப்பாவில் சிலர் யூரியாச் செலவை மிச்சம் பிடிக்க, "யூரியா போகிறது" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் சிறு கருவியை லாரியில் மாட்டிப் பிடிபட்டு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட லாரியில் கரும்புகை வராது. பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும்.

தந்திரம் செய்யும் ஆசை பெரிய கம்பெனிகளையும் விடவில்லை என்று அமெரிக்க அரசு சொல்கிறது. 1998 வழக்கில் இருந்த கம்மின்ஸ் மீது, மறுபடியும் வழக்கு வந்தது. 6 லட்சத்து 30 ஆயிரம் பிக்-அப் வண்டிகளின் என்ஜின்களில் தந்திரம் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், 167½ கோடி டாலர் அபராதம் கட்ட 2024-ம் ஆண்டு உடன்பட்டது. அமெரிக்கக் காற்றுச் சட்டத்தில் அதற்குமுன் இவ்வளவு பெரிய சிவில் அபராதம் விதிக்கப்பட்டதே இல்லை!

அபராதப் பணம் அரசு கஜானாவுக்குப் போய்விடும். நஞ்சு போவது யாருக்குள்? நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர், சாலை ஓரத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மாள், பஸ்சுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை ஆகியோரின் நெஞ்சுக்குள்!

லாரி புகை விடுவது சாலையில். பரீட்சையும் அங்கேதான் நடக்க வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல. லாரி ஓடுகிற வரை!