குடல் நுண்ணுயிர்களும் குழந்தையின் மூளையும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிமெட்டு வழியே மலையேறும் தாய்மார் மாலையில்தான் வீடு திரும்புவர். அதுவரை கைக்குழந்தை பாட்டியின் பொறுப்பு. அக்குழந்தை எதை உண்டது, எந்நீரைப் பருகியது என்பது வயிற்றோடு முடியும் செய்தியன்று. மூளையின் வளர்ச்சியையும் அது பாதிக்கக்கூடும் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

மண்ணை அறிந்த விவசாயிக்கு இது வியப்பளிக்காது. இலையை மக்கச் செய்து உரமாக்குவதும் நுண்ணுயிரே. ஏலக் கிழங்கை அழுகச் செய்வதும் நுண்ணுயிரே. குடலிலும் அவ்விதமே நல்லனவும் தீயனவும் வாழ்கின்றன. தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை நல்ல நுண்ணுயிர்களுக்கென்றே அமைந்த உணவாகும். அந்நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள் இரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் மூளையை எட்டுகின்றன.

ஜப்பானிய ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட சோதனையொன்றில், நுண்ணுயிரே அணுகாது வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் சிறு நெருக்கடிக்கும் மிதமிஞ்சிக் கலங்கின. இளமையிலேயே நுண்ணுயிர்களை ஊட்டியபோது அக்குறை தணிந்தது. காலங்கடந்து ஊட்டியது பயன்தரவில்லை. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

எனினும் நம் வேலூரைப் பாருங்கள். 8 நாடுகளில் ஒரே முறையில் நடைபெற்ற ஆய்வில் பங்குகொண்ட கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2010 முதல் சுமார் 250 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே கவனித்து வந்தது. வயிற்றுப்போக்கு இல்லாத குழந்தைகளின் மலத்திலும் நோய்க்கிருமிகள் காணப்பட்டன. குடற்கிருமி, நோய், இரத்தசோகை ஆகியவை அறிவு வளர்ச்சிக் குறைவோடு தொடர்புடையன என இவ்வாய்வு காட்டியது. வீட்டுச் சூழலும் அதில் பெரும்பங்கு வகித்தது.

டாக்காவில் மெலிந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா மாவுகளோடு வாழைக்காய் சேர்த்த உணவை 3 மாதம் அளித்தனர். எடை கூடியது, நரம்பு வளர்ச்சியோடு தொடர்புடைய சில புரதங்களும் இரத்தத்தில் உயர்ந்தன என 2021இல் அறிவித்தனர். போடிச் சந்தையில் கிடைக்காத பொருள் இவற்றில் எது?

பிறந்தவுடன் சேனை தொட்டுவைக்காமல் சீம்பாலூட்டுவதும், 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே தருவதும் குடும்பத்தின் கடமை. மலைச்சரிவுகளில் ஓடைநீரைத் தெளிவு கண்டு தூயதென நம்புவது தவறு. குடிநீர்த் தொட்டியில் முறையாகக் குளோரின் கலக்கப்படுகிறதா என ஊராட்சி உறுப்பினர் நேரில் சென்று பார்த்தல் வேண்டும்.

இன்னொன்று. குழந்தை வளர்ப்புக் கூட்டங்களுக்குப் பகற்பொழுதில் தாய்மாரை அழைக்கிறோம். மலைமேல் காய் பறித்துக்கொண்டிருப்போர் எங்ஙனம் வருவர்? பாட்டிமாரை அழையுங்கள், அல்லது ஜீப்புகள் திரும்பிய பின்னர்க் கூட்டத்தை வையுங்கள்.