தில்லிக் குளிரில் டெல்லி கனகாம்பரம்

எங்கள் திருவையாற்று வீட்டுக் கிணற்றடியில் ஒரு கனகாம்பரம் இருந்தது. சாதாரணக் கனகாம்பரத்தை விடப் பூ பெரியது. நிறமும் அழுத்தமான ஆரஞ்சு. அதற்கு அந்தப் பக்கத்தில் 'டெல்லி கனகாம்பரம்' என்று பெயர். 1993 ஆகஸ்டில் அம்மா முதல் தடவையாக எங்களைப் பார்க்க வந்தபோது, ஈரத்துண்டில் சுற்றி, அதன்மேல் வாழை மட்டை வைத்துக் கட்டி, அதிலிருந்து ஆறு குச்சிகள் எடுத்து வந்தாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரியும் அந்தப் பொட்டலம் அவள் தலைமாட்டில்தான் இருந்ததாம்.

"டெல்லிச் செடிதானே, டெல்லியில வராம வேற எங்க வரும்?" என்றாள்.

ஆறில் நாலு துளிர்த்தன. அக்டோபர் கடைசியில் கதிர் விட்டு, தீபாவளிக்கு என் பெண்ணின் தலையில் நாலு பூ வைக்கும்படி ஆயிற்று. டிசம்பர் பிறந்ததும் இலைகள் கறுத்துச் சுருண்டன. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நான் தினமும் காலையும் மாலையும் ஊற்றினேன். பொங்கலுக்குள் நாலும் போயின. குளிர் பாதி கொன்றது. மீதியைக் கொன்றது நான்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் பிடித்தது.

கனகாம்பரத்துக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும்தான் பிறந்த வீடு. சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வேர் வேலை செய்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். நமக்கு ஜனவரியில் ராத்திரி 7 டிகிரி என்பது சாதாரணம். 3, 4 என்று இறங்குவதும் உண்டு. வேர் உறிஞ்சாதபோது ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும்? தொட்டியிலேயே தேங்கி வேரை அழுகச் செய்கிறது. வேர் அழுகின செடிக்கு மேலே தண்ணீர் ஏறாததால் இலை வாடுகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். தில்லியில் தமிழ்க் குடும்பங்களின் பால்கனிகளில் நடக்கும் பூச்செடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

டெல்லி கனகாம்பரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. நாட்டுக் கனகாம்பரமானால் காய்ந்த காயில் தண்ணீர் பட்டதும் 'பட்'டென்று வெடித்து விதை சிதறும்; சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்க விட்டு விளையாடியிருப்போம். விதையைக் காகிதத்தில் மடித்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆயிற்று. டெல்லி கனகாம்பரத்துக்குக் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக இருப்பதால் அது விதை பிடிப்பதில்லை. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஆகவே, செடி போனால் வம்சமே போன மாதிரி.

இனி, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். செடியைக் காப்பாற்றும் வேலை டிசம்பரில் அல்ல, மண் கலக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. யமுனைக்கரை மண் தொட்டியில் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். அதனால் ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய சாண உரம், ஒரு பங்கு கட்டட வேலைக்காரர்கள் 'பதர்ப்பூர்' என்று சொல்லும் பருமணல். ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிஷத்தில் அடித்துளை வழியே வர வேண்டும். நவம்பர் பாதியோடு உரத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு உரம் போட்டால் இளந்துளிர் வரும். முதல் குளிர் அதைத்தான் தின்னும். தொட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், பலகையோ இரண்டு செங்கல்லோ போட்டு அதன்மேல் தெற்கு வெயில் படும் சுவரை ஒட்டி வையுங்கள். பகலில் சுவர் வாங்கிய சூடு ராத்திரி கொஞ்ச நேரமாவது செடிக்குக் கிடைக்கும். தண்ணீர், விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும். அதுவும் காலை பத்து மணிக்கு மேல், குழாய்த் தண்ணீரின் சில்லிப்பு போன பிறகு.

ராத்திரி மூடுவதற்குப் பலர் பாலிதீன் உறை போடுகிறார்கள். அது இலையில் ஒட்டினால் ஒட்டின இடமெல்லாம் கருகுகிறது. எங்கள் வீட்டில் இவருடைய பழைய எட்டு முழ வேட்டிதான். நாலு மூங்கில் குச்சி நட்டு, இலையில் படாமல் கூடாரம் மாதிரிப் போர்த்தி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுவேன். தில்லி வந்தபிறகு இவர் வேட்டி கட்டுவது சங்க விழாவுக்கும் ஆவணி அவிட்டத்துக்கும்தான் என்பதால் வேட்டிக்குப் பஞ்சமில்லை.

மூடுபனி உள்ள ராத்திரியை விட நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிதான் செடிக்கு எமன். பனியும் மேகமும் பூமியின் சூட்டைக் கொஞ்சம் தடுத்து வைக்கும். தெளிந்த வானமானால் இருக்கிற சூடெல்லாம் மேலே போய்விடும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும், 2006 ஜனவரியில் கோட்டை விட்டேன்.

அதற்கு முந்தின அக்டோபரில்தான் திருவையாற்று வீட்டை விற்றோம். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருப்பது சரிப்படவில்லை. வாங்கினவர்கள் கிணற்றை மூடி, கொல்லையையும் சேர்த்துக் கட்டிடம் எழுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா நவம்பரில் எங்களோடு வந்துவிட்டாள். ஆக, அந்தக் கிணற்றடிச் செடியின் வாரிசாக உலகத்தில் மிஞ்சியிருந்தது எங்கள் மயூர் விஹார் பால்கனியில் நின்ற மூன்று தொட்டிகள்தான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்த் திரும்ப மணி பதினொன்றரை. வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது. ஒரு நாள் போர்த்தாவிட்டால் என்ன என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை, ஜனவரி 8, கீழே நின்ற கார்களின் மேல் வெள்ளையாக உறைபனி. சஃப்தர்ஜங்கில் 0.2 டிகிரி என்று பிறகு பேப்பரில் படித்தோம். மூன்று செடிகளும் கொதிநீரில் போட்டு எடுத்த கீரை மாதிரித் துவண்டு கறுத்துக் கிடந்தன.

அம்மா குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டருமாக வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏண்டி, என்னை மட்டும் ரஜாய்க்குள்ள சுத்தி வச்சுட்டு, அதுகளை வெளியில நிறுத்திட்டியே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் பிடுங்கி எறியப் போனேன். அவள்தான் கையைப் பிடித்துத் தடுத்தாள். தண்டின் அடிப்பாகத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். இரண்டு தொட்டிகளில் உள்ளே பழுப்பு. மூன்றாவதில், மண்ணுக்குச் சற்று மேலே, மெல்லிய பச்சைக் கோடு. அந்தத் தொட்டியில் மட்டும் காய்ந்த வேப்பிலைச் சருகு கனமாக மூடியிருந்தது. நான் போட்டதல்ல, மேலே இருந்த மரத்திலிருந்து விழுந்தது! கருகின கிளைகளை அப்போதே வெட்ட வேண்டாம், அதுவே அடித்தண்டுக்குப் போர்வை என்றாள். தொட்டியை உள்ளே எடுத்து ஜன்னலோரம் வைத்தோம். வாரம் ஒரு டம்ளர் தண்ணீர். பிப்ரவரி முழுக்க ஒன்றும் காணோம். ஹோலிக்கு முன்னால் ஒரு நாள் காலை காபியோடு போய்ப் பார்த்த அம்மா என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் ஓடி வந்துவிட்டாள். அடியில் கடுகளவு பச்சை.

அந்த வருஷத்திலிருந்து ஒரு காரியம் தவறுவதில்லை. ஆகஸ்டு, செப்டம்பரில், பூவில்லாத இளங்கிளையில் ஒரு சாண் குச்சியாக ஐந்தாறு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்துவிடுவேன். மூன்று, நாலு வாரத்தில் வேர் பிடிக்கும். அதில் இரண்டு சின்னத் தொட்டிகள் குளிர்காலம் முழுக்கச் சமையலறை ஜன்னலில். பால்கனியில் பெரிய செடிக்கு என்ன ஆனாலும் இவை இருக்கும்.

எல்லாச் செடியையும் உள்ளே கொண்டு வந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2019 டிசம்பர் கடைசியில் அப்படிச் செய்தேன். அந்த 30-ம் தேதி பகல் வெப்பமே 9.4 டிகிரிதான், நாள் கணக்கில் வெயிலே இல்லை. உள்ளே வைத்த செடிகள் குளிரில் தப்பின. ஹீட்டரின் வறண்ட காற்றில் இலை உதிர்த்தன, போதாததற்கு மாவுப்பூச்சி. ஹீட்டர் ஓடும் அறையில் செடி வேண்டாம். கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் விட்டு, தொட்டியின் அடி தண்ணீரில் படாமல் அதன்மேல் வைத்தால் கொஞ்சம் ஈரக்காற்று கிடைக்கும். பூச்சிக்கு வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டுச் சோப்புத் தண்ணீரும். வெளியில் இருக்கும் செடியின் இலைகளில் நவம்பர்ப் புகை படிந்து வெளிச்சத்தை மறைக்கும், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மல்லிகைக்கு இவ்வளவு உபசாரம் தேவையில்லை. இங்கே 'மோக்ரா' என்று விற்பதும் நம் குண்டுமல்லியின் இனம்தான். குளிரில் இலை பழுத்து மொட்டையாக நிற்கும், பயப்படாதீர்கள். நம் ஊரில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள். அதே நாளில் இங்கே செய்தால் புதுத்துளிர் பனியில் மாட்டிக்கொள்ளும். பிப்ரவரி பாதிக்கு மேல் வெட்டுங்கள். செம்பருத்திக்கும் அதே கணக்கு. பவழமல்லியும் நந்தியாவட்டையும் தில்லிக்காரர்களாகவே ஆகிவிட்டன.

பிப்ரவரியில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும், உள்ளே இருந்த செடியை ஒரேயடியாக வெளியே தள்ளாதீர்கள். முதல் வாரம் காலை ஒரு மணி நேரம், அடுத்த வாரம் அரை நாள், பிறகு முழு நாள். அப்போது ஒரு கைப்பிடி மக்கின உரம்.

அம்மா 2013 வரை எங்களோடு இருந்தாள். கடைசி வருஷங்களில் கண் மங்கிவிட்டது. கனகாம்பரத்துக்கு வாசனையும் கிடையாதே, விரலால் தடவித்தான் கதிரில் எத்தனை பூ என்று சொல்வாள். செடி இப்போது ஏழு தொட்டியாகியிருக்கிறது. சங்க அங்கத்தினர்களில் யாருக்காவது வேண்டுமானால் ஆகஸ்டு மாதக் கூட்டத்துக்கு ஈரத்துண்டு ஒன்று எடுத்து வாருங்கள், ஆளுக்கு இரண்டு குச்சி தருகிறேன். பழைய வேட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கும்.