மதுவத்தின் விகாரங்களும் அவற்றைப் பதியும் முறையும்

பாண் மாவைப் பொங்கச் செய்யும் மதுவம் ஒரே கலத்தாலாய சிற்றுயிராகும். ஆயினும், மனிதனுடைய கலத்தைப் போலவே அதன் கலத்திலும் கருவும் நிறமூர்த்தங்களும் உள. 1996ஆம் ஆண்டில் அறிஞர் அதன் 16 நிறமூர்த்தங்களையும் வாசித்து முடித்து, பரம்பரையலகுகள் ஏறத்தாழ 6,000 எனக் கணித்தனர். ஓரலகின் தொழிலை அறிதற்கு, அதனைப் பழுதாக்கி, அதனாற் பிறக்கும் விகாரியின் இயல்பை நோக்குவர். இங்ஙனம் பெற்ற செய்திகள் பெருகவே, அவற்றை ஒழுங்குபடுத்தலும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியாயிற்று.

முதலாவது இடர் பெயர் பற்றியது. ஒவ்வொரு பரம்பரையலகும் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட பெயரைப் பெறும். ஆயின், ஒரே அலகை வெவ்வேறு ஆய்வுகூடத்தார் கண்டு வெவ்வேறு பெயரிட்டதும் உண்டு, எஸ்.ஐ.ஆர். 2 என்பதே எம்.ஏ.ஆர். 1 எனவும் வழங்கிற்று. ஆதலின், நிறமூர்த்தம், அதன் புயம், மையப்பாத்திலிருந்து எண்ணிய வரிசை, இழை ஆகியவற்றைக் காட்டும் முறைப்பெயரொன்றும் வகுக்கப்பட்டது.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. ஒரு விகாரியின் இயல்பு அது வளரும் சூழலைப் பொறுத்தது. அமெரிக்க அறிஞர் லீலண்ட் ஹாட்வெல் 1970ஆம் ஆண்டளவில் ஆராய்ந்த விகாரிகள், 23 பாகை சதமளவையிற் செவ்வனே பெருகின. 36 பாகையிற் கலப்பிரிவை நிறுத்தின. வெப்பநிலையைக் குறியாது ‘பிரியவில்லை’ என்று மட்டும் எழுதின், அப்பதிவு பிறரை மயக்கும். அவ்விகாரிகள் வழி அறியப்பட்ட சி.டி.சி. 28 என்னும் அலகுக்கு மனிதக் கலத்திலும் இனமுண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் ஹாட்வெலும் பங்கு பெற்றார்.

குலவகையும் கருதற்பாலது. இரு மதுவக் குலவகைகளை ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒன்றில் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாததாயும் மற்றதில் அவ்வாறு அல்லாததாயும் உள்ள அலகுகள் 50க்கு மேற்பட்டன என்று காட்டிற்று.

ஆகவே, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பேணப்படும் மதுவத் தரவுத்தளத்தில், நோக்கிய இயல்பு, அது கூடியதோ குறைந்ததோ என்பது, விகாரத்தின் வகை, குலவகை, வளர்ப்புச் சூழல், மூலக் கட்டுரை என்பன தனித்தனியே பதியப்படுகின்றன. ‘மெல்ல வளர்ந்தது’ என ஒருவரும் ‘நலிந்தது’ என இன்னொருவரும் எழுதினும், ‘வளர்ச்சி: குறைவு’ என வரையறுத்த சொல்லே அங்கு இடம்பெறும்.

இவ்வொழுங்கின் பயன் மதுவத்தோடு அமைவதன்று. நோயாளி ஒருவரிடம் பழுதுற்ற பரம்பரையலகொன்றைக் காணும் ஆராய்ச்சியாளர், அதன் இனமான மதுவ அலகைத் தேடுவர். பல்லாண்டுகளுக்கு முன் எவரோ கண்ட விகாரி அப்பொழுது அவருக்கு வழிகாட்டக்கூடும். கண்டவர் சூழலையும் குலவகையையும் பிழையறக் குறித்திருந்தாலன்றி அது கைகூடாது.