நோயாளி இருக்கும் முனை

கண் சிகிச்சை முகாம் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூட வராந்தாவிலோ கல்யாண மண்டபத்திலோ காலையிலேயே வரிசை நிற்கும். புரை முற்றியவர்களை வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அழைத்துப்போவார்கள். அறுவை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வையைத் திருப்பித் தந்த முறை அது. ஆனால் முகாம் நடந்த தென்னிந்தியக் கிராமங்களில் விசாரித்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம்தான் என்று கண்டது. மற்றவர்களைத் தடுத்தவை பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு. முகாம் நடப்பதோ எப்போதோ ஒரு நாள். அன்றைக்குப் பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி எப்படிப் போவார்?

இந்த ஆய்வின் முடிவு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை யோசிக்க வைத்தது. 1976இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனம்தான், முகாம்களைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. தன் பெருமைக்குரிய முறையே பெரும்பாலானோரைச் சென்றடையவில்லை என்று தெரிந்ததும், முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு அது நிற்கவில்லை. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓர் இடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று முடிவெடுத்தது. சிக்கல் ஒன்றுதான்: ஒவ்வொரு சிற்றூரிலும் உட்கார வைக்கக் கண் மருத்துவர்கள் இல்லை. தொலைமருத்துவம் அங்கே நுழைந்தது.

இந்தியாவுக்கு அது அப்போது முற்றிலும் புதிதல்ல. 2000ஆம் ஆண்டிலேயே ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ மருத்துவமனை இதைத் தொடங்கியிருந்தது. தொடங்கிவைத்தவர் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன். அதன் பின் செயற்கைக்கோள் இணைப்புகள் பல ஊர்களுக்குப் போயின. என்றாலும், கிராமத்தில் நிறுவப்படும் கணினித் திட்டங்களில் பெரும்பாலானவை வெள்ளோட்டத்தைத் தாண்டுவதில்லை என்பதே இத்துறையில் உழைத்தவர்களின் அனுபவம். தேனி மாவட்டத்தில் 2004இல் தொடங்கியது ஏன் தாண்டியது என்பதைப் புரிந்துகொண்டால், இன்று அரசும் தனியாரும் போட்டி போட்டு அறிவிக்கும் திட்டங்களை எடைபோடும் அளவுகோல் நம் கைக்கு வந்துவிடும்.

தேனியில் அரவிந்துக்கு 1985 முதலே ஒரு மருத்துவமனை உண்டு. அதைச் சுற்றி போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் சிறு மையங்கள் திறக்கப்பட்டன. மக்கள் வாயில் அவை ‘விஷன் சென்டர்’. ஒவ்வொன்றும் சுமார் 50,000 பேருக்கு. அங்கே மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர், துணைக்கு இன்னொருவர். பெரும்பாலும் கிராமத்துக் குடும்பங்களிலிருந்து, பிளஸ் டூ முடித்ததும் வந்து சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் முழுநேரப் பயிற்சி பெற்றவர்கள். வருகிறவரின் பார்வை அளவைப் பார்ப்பது, கண் அழுத்தம் எடுப்பது, ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் கண்ணின் முன்பகுதியை ஆராய்வது, அதில் பொருத்திய கேமராவில் படம் எடுப்பது, எல்லாவற்றையும் கணினியில் பதிவது, அத்தனையும் அவர் வேலை. அதன் பிறகே தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் வருகிறார். பதிவையும் படத்தையும் பார்த்து, நோயாளியோடு ஓரிரு நிமிடம் பேசி, என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறார். கண்ணாடி போதும் என்றால் அந்த மையத்திலேயே கிடைக்கும். அறுவை தேவை என்றால் மட்டும் பயணம்.

மருத்துவர் பேசுவது ஓரிரு நிமிடம்தான். அந்த நிமிடங்களைப் பயனுள்ளதாக்குவது அதற்கு முன் நடந்த பரிசோதனை. கண் அழுத்தத்தைத் தவறாக எடுத்திருந்தால், படம் மங்கியிருந்தால், உலகின் தலைசிறந்த நிபுணர் மறுமுனையில் இருந்தும் பயனில்லை. தொலைமருத்துவம் என்றதும் நம் கண் மருத்துவர் இருக்கும் முனைக்கே போகிறது. எந்த மருத்துவமனை, எத்தனை நிபுணர்கள் என்றே கேட்கிறோம். நோயாளி இருக்கும் முனையில் யார் நிற்கிறார், அவருக்கு என்ன தெரியும், அவர் கையில் என்ன கருவி, என்ன மருந்து என்ற கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கருவிழிப் புண்ணை எடுத்துக்கொள்வோம். கதிரடிக்கும்போது உமி தெறிக்கும். கரும்புத் தோகை கீறும். கருவிழியில் சிறு சிராய்ப்பு. செடிகொடி பட்ட காயத்தில் பூஞ்சை எளிதில் தொற்றும். தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது எனக் கைவைத்தியம் தொடங்கும். வலி அடங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. அது ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வாரம் கழித்து நகரத்துக்கு வரும்போது கருவிழி வெளுத்திருக்கும். மதுரை மாவட்டத்தில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்கு மேல் இப்படிப் புண் வருகிறது என்று கணக்கிட்டது. காயம் பட்ட அன்றே ஒருவர் ஸ்லிட் லேம்பில் பார்த்துப் படம் அனுப்பினால் கண் தப்பும். வாழ்நாள் முழுக்கப் பார்வையா இருட்டா என்பதை முடிவு செய்வது இங்கே தூரம்தான். அறுவைக்கூடத்தின் திறமைக்கு அதில் பங்கு குறைவு.

இடிதாங்கிய வைஃபை

படத்தை அனுப்ப இணைப்பு வேண்டுமே? 2004இல் தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் நம்பகமான அகலப்பட்டை இணையம் கிடையாது. செயற்கைக்கோள் வாடகையோ எட்டாத உயரம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு ஒன்று, வீட்டுக்குள் பயன்படும் அதே மலிவான வைஃபை கருவியைக் கோபுரத்தில் ஏற்றி, திசை ஆன்டெனாவால் ஊர் விட்டு ஊர் பாய்ச்ச முயன்றது.

வைஃபை சில பத்து மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகக் கணநேரம் காத்திருக்கும். வரவில்லை என்றால் தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தாண்டி வரவேண்டிய பதிலுக்கு அந்தக் கணநேரம் போதாது. வந்துகொண்டிருக்கும் பதிலும் மறுபடி கிளம்பிய தகவலும் மோதி, இணைப்பு தடுமாறும். ஒவ்வொரு முனைக்கும் பேசவும் கேட்கவும் தனித்தனி நேரம் ஒதுக்கி, பதில்களை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும்படி பெர்க்லி குழு மென்பொருளை மாற்றி எழுதியது. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதாக அவர்கள் 2007இல் பதிப்பித்தார்கள்.

நெட்வொர்க் பாடநூலில் இடம்பெறக்கூடிய சாதனை. ஆனாலும் அதே குழு அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாண்டுகள் களத்தில் இருந்தபின், தங்களை அதிகம் வாட்டியவை என்று அவர்கள் சொன்னவை மிகச் சாதாரணமானவை: மின்சாரம் திடீரென எகிறிக் கருவி கருகுவது, தாழ்ந்த மின்னழுத்தத்தில் கருவி உறைந்துபோவது, மின்சாரம் நின்று வரும்போது நினைவு அட்டை பழுதாவது, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க உள்ளூரில் ஆள் இல்லாதது. ஆகவே மின்காப்புக் கருவிகளையும், உறைந்தால் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் ஏற்பாட்டையும், தொலைவிலிருந்தே கண்காணிக்கும் வழியையும் மலிவாகச் செய்தார்கள். அப்போது அந்த இணைப்பின் வழியே மாதம் 3,000 கிராமத்து நோயாளிகள் மருத்துவரைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று கண்ணாடி இழை இணையமும் 4ஜியும் பல ஊர்களுக்கு வந்துவிட்டன. அரவிந்தின் விஷன் சென்டர்கள் நூறைத் தாண்டிவிட்டன. கருவி பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்ற கேள்வி மட்டும் எந்தத் திட்டத்திலும் அப்படியே இருக்கிறது. திறப்பு விழாவுக்கு நிதி ஒதுக்குகிறோம். மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குகிறோமா?

நெஞ்சுவலிக்கு நேரம் இல்லை

கண் சில மணி நேரம் பொறுக்கும். இதயம் பொறுக்காது. ரத்தக்குழாய் முழுதாக அடைபடும் வகை மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு தொகுப்புகளாக ஓர் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனை நடுவில். அவற்றைச் சுற்றி மொத்தம் 35 சிறு மருத்துவமனைகள். நெஞ்சுவலியோடு வருபவரின் இ.சி.ஜி. சிறு மருத்துவமனையிலிருந்தே நிபுணருக்குப் போகும். மாரடைப்பு உறுதியானால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து அங்கேயே தரப்படும். பிறகு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு, ஆஞ்சியோவுக்கு.

2,420 நோயாளிகளை உள்ளடக்கிய முடிவுகள் 2017இல் வெளியாயின. ஆஞ்சியோ செய்யப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூறு குடும்பங்களில் மூன்றுக்கு மேல் ஒரு சாவிலிருந்து தப்பின என்று இதைப் படிக்கவேண்டும். இ.சி.ஜி. படம் பறந்து போனதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. மருந்து சிறு மருத்துவமனையின் அலமாரியில் இருந்தது. 108 வண்டி வந்தது. ஏழைக் குடும்பங்களின் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும், மாரடைப்பு என்ற செய்தி மட்டும்தான் வேகமாக வந்து சேர்ந்திருக்கும்.

நோயாளியை அனுப்பாமல் அறிவை அனுப்பும் வழியும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டம், ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பார்க்கும் சிற்றூர் மருத்துவர்களையும் சிறை மருத்துவர்களையும் வாரந்தோறும் காணொலியில் நிபுணர்களோடு உட்கார வைத்தது. ஒவ்வொருவரும் தம் நோயாளியின் விவரத்தைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து கற்றார்கள். 2011இல் வெளியான ஒப்பீட்டில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம்; சிற்றூர்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். தாங்கள் அறிந்த மருத்துவரிடமே, தங்கள் ஊரிலேயே.

அரசின் திரை

ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி 2019 நவம்பரில் வந்தது. மொஹாலியில் உள்ள சி-டாக் உருவாக்கியது. இதில் இரண்டு வகை. ஒன்றில் கிராம நல மையப் பணியாளர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைக்கிறார். மற்றதில் நோயாளியே கைபேசியில் அழைக்கிறார். இந்த இரண்டாம் வகை 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள். பெரிய எண்தான். எத்தனை பேர் பேசினார்கள் என்பதை அது சொல்கிறது. எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வந்தது என்பதைச் சொல்லவில்லை. இரண்டாவது கணக்கைத்தான் அரசுகளிடம் நாம் கேட்கவேண்டும். முதல் வகையையே கூடுதலாக வளர்க்கவேண்டும் என்பதும் என் எண்ணம். ரத்த அழுத்தத்தை அளக்க ஒரு கை அருகில் இருக்கிறதே.

தமிழ்நாட்டுக்கு இதில் பெரும் வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண்கள் ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் பயிற்சியும், நியாயமான ஊதியமும், கண்ணின் விழித்திரையைப் படமெடுக்கும் கையடக்கக் கருவியும் கொடுத்தால் என்னென்ன செய்யலாம்! சர்க்கரை நோய் விழித்திரையை அரிக்கும்போது முதலில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. தெரியவரும்போது பாதி போயிருக்கும். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அத்தனை பேரும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பரிசோதிக்கவேண்டும்.

அவ்வளவு படங்களையும் பார்க்க மருத்துவர்கள் போதாது. செயற்கை நுண்ணறிவு பார்க்கட்டும் என்கிறார்கள். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரல், நிபுணர்களுக்கு இணையாக நோயைக் கண்டது. அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கேற்றன. பின்னர் தாய்லாந்தின் கிராமப்புற மருத்துவமனைகளில் இறக்கியபோது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களை நிரல் ஏற்கவே மறுத்தது. காரணம், அறையின் வெளிச்சம். செவிலியர்கள் நெருக்கடியான இடத்தில், போதிய இருட்டில்லாத அறையில், அவசரத்தில் படமெடுத்தார்கள். நிரல் மறுத்தவர்களை வேறொரு நாள் வேறொரு மருத்துவமனைக்குப் போகச் சொல்லவேண்டியிருந்தது. கூலியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. ஒரு கருப்புத் திரைச்சீலையும், நிதானமாகப் படமெடுக்க நேரமும் அங்கே நிரலை விட அவசரத் தேவையாக இருந்தன.

நோயாளியாக இதைப் பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய விதிகள், 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளில் உள்ளன. நீங்களே அழைத்தால் உங்கள் சம்மதம் உண்டு என்று கொள்ளப்படும். பணியாளர் உங்களுக்காக அழைத்தால் உங்களிடம் வெளிப்படையாகக் கேட்கவேண்டும். சில மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால் காணொலியில் பார்த்திருக்கவேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்கவேண்டும். நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கருதினால் அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரைப் பார்க்கவேண்டும் என்பதை இணைப்பைத் துண்டிக்கும் முன்பே பணியாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.