மறைவில் ஓடிய சைக்கிள்

சைக்கிளை ஓட்டத் தெரிந்தவர் பலர். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் சிலர். இவ்விரண்டும் அறிந்த ஒருவர், தம் வாழ்நாளை அந்த இரு சக்கரங்களுக்கே அளித்தார். அவற்றைக் கொண்டே பிறர் உயிரையும் காத்தார். அவர்தாம் இத்தாலியரான ஜீனோ பர்த்தாலி. அவரை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

1914-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி, புளோரென்ஸ் நகரையடுத்த போந்தே ஆ ஏமா என்னும் சிற்றூரில், எளிய உழைப்பாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சிறுவனாயிருக்கும்போதே சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்கமர்ந்தார். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதும், செயினைக் கழற்றித் துடைத்து மாட்டுவதும் அங்கே அவர் கற்ற பாடங்கள். கடைக்காரர் அவருடைய கால்களின் வலிமையைக் கண்டு பந்தயத்துக்குத் தூண்டினார்.

1936-ல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் வெற்றி கிட்டியது. ஆனால் அதே ஆண்டில் அவருடைய தம்பி ஜூலியோ, பந்தயமொன்றில் விபத்துக்குள்ளாகி மாண்டார். சைக்கிளையே துறந்துவிட எண்ணுமளவுக்கு அத்துயரம் அவரை வாட்டியது. செபத்தில் ஆறுதல் தேடியவர், கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பி, 1938-ல் தூர் தெ பிரான்ஸ் என்னும் பெரும் பந்தயத்தையும் வென்றார்.

பின்னர் உலகப் போர் மூண்டது. 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் இத்தாலியைப் பிடித்தனர்; யூத மக்கள் வேட்டையாடப்பட்டனர். அவர்களை மறைத்துக் காக்க முனைந்தார் புளோரென்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. கன்னியர் மடங்களிலும் துறவியர் இல்லங்களிலும் ஒளிந்திருந்தோருக்குப் போலி அடையாளச் சீட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை அசிசி நகரில் ஒரு சிறு அச்சகத்தார் அச்சிட்டனர். ஊர் ஊராகச் சோதனை நடக்கும் காலத்தில், அவற்றைக் கொண்டுசெல்வது யார்?

பர்த்தாலி சென்றார். பிரேமின் குழாய் உள்ளே வெறுமையாயிருக்கும் என்பதைக் கடைப் பையன் அறியானா? சீட்டைக் கழற்றி, நிழற்படங்களையும் சீட்டுகளையும் சுருட்டி உள்ளே இட்டு, மறுபடியும் முடுக்கிவிட்டுப் புறப்படுவார். பயிற்சி ஓட்டம் என்றால் யார் ஐயுறுவர்? படைவீரர் தடுத்தால், சைக்கிளை வேகத்துக்கென்றே நுணுக்கமாகப் பூட்டியிருப்பதால் தொட வேண்டாமெனக் கேட்டுக்கொள்வாராம். அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிராது. மனைவியும் கைக்குழந்தையும் உடைய அவர், யூதக் குடும்பமொன்றுக்கும் புளோரென்சில் தஞ்சமளித்தார்.

போர் முடிந்தது, அவருடைய இளமையின் சிறந்த ஆண்டுகளும் கழிந்தன. எனினும் 1948-ல், 34-ம் வயதில், மீண்டும் தூர் தெ பிரான்சில் இறங்கினார். முன்னே சென்ற பிரெஞ்சு வீரருக்கு இருபது நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தவர், ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் தொடர்ந்து மூன்று கட்டங்களில் முதலாவதாக வந்து பந்தயத்தையே வென்றார். முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையே பத்தாண்டுகள்!

ஓட்டம் நின்ற பின்னும் சைக்கிளை விடவில்லை. பந்தயக் குழுவொன்றை நடத்தும் பொறுப்பேற்றார். தம்மோடு ஆண்டாண்டுகளாகப் போட்டியிட்ட பௌஸ்தோ கோப்பியைத் தம் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். ஆனால் 1960 ஜனவரியில் கோப்பி மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். கோமோ ஏரியருகே, சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை 12-ம் பத்திநாதர் 1949-ல் அறிவித்த கிசால்லோ மாதாவின் சிற்றாலயத்தில், இவ்விருவருடைய சைக்கிள்களும் இன்று காணிக்கைகளாக உள்ளன.

போர்க்காலப் பணியைப் பற்றி அவர் மேடையில் முழங்கியதில்லை. மகனிடம் சிறிது கூறியபோதும், பிறரிடம் சொல்லலாகாதென்று தடுத்தார். 2000 மே 5-ந் தேதி அவர் இறைவனடி சேர்ந்தார். 2013-ல் எருசலேமிலுள்ள யாத் வஷேம் நிறுவனம், யூதரைக் காத்த நீதிமான்களுள் ஒருவராக அவரை அறிவித்தது.

பெற்றோரே, நம் பிள்ளைகளுள் ஒருவன் பந்தை விரும்புவான். ஒருவன் இயந்திரத்தைப் பிரித்துப் போடுவான். "இதனால் என்ன பயன்?" என்று கடிந்துகொள்ள அவசரப்படுகிறோம். கடையில் கற்ற கைத்தொழிலும் பந்தயத்தில் பெற்ற பேரும் ஒருநாள் மனித உயிர்களைக் காக்கும் என்று அந்த உழைப்பாளித் தந்தை எண்ணியிருப்பாரா? தாலந்தைப் புதைத்துவிடாமல் காப்பது நம் கடமை. அதைக் கொண்டு யாருக்கு உதவலாம் என்று கற்றுத் தருவதும் நம் கடமையே.