பத்தே வயதில் முதுமை
தில்லியில் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குப் பளபளப்பும் புகையும் பணம் சார்ந்த விஷயங்கள்

தில்லியின் எந்தக் குடியிருப்பிலும் விடியற்காலையில் ஒரே காட்சிதான். தோளில் துணி, கையில் அரை வாளி தண்ணீர். மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர்கள் வரிசையாக வண்டிகளைத் துடைத்துக்கொண்டே போகிறார்கள். சொந்தக்காரர் எழுந்து வந்து பார்க்கும்போது கார் மின்னுகிறது. உண்மையில், அந்த மினுமினுப்புதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது.

காரணம் புழுதி. ஏப்ரல் முதல் ஜூன் வரை ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் அனல்காற்று கொண்டுவருவது வெறும் தூசி அல்ல, நுண்மணல். உலர்ந்த துணி அதன்மேல் பட்டதுமே உப்புத்தாளாகிவிடுகிறது. பெயின்டின் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் சிலந்திவலைக் கீறல்கள் இப்படி வந்தவையே. அவற்றைப் போக்கப் பாலிஷ் போடும்போதெல்லாம் அந்தப் பூச்சு இன்னும் கொஞ்சம் மெலிகிறது.

முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கரைத்து ஓடவிட வேண்டும். பிறகுதான் கார் ஷாம்பு. துணி சோப்புத் தூள் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். தில்லியின் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஆகவே நிழலில் கழுவி, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

நிழலிலும் ஆபத்து உண்டு. புதுதில்லியின் அகன்ற சாலைகளில் நாவல் மரங்கள் அதிகம். ஜூன், ஜூலையில் பழம் உதிரும். பழம் தின்ற பறவைகளும் தம் பங்குக்கு எச்சமிடும். அமிலமுள்ள அந்த எச்சம் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே பெயின்டில் தடம் பதித்துவிடும். சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு? டீசல் காரென்றால் தலைநகரில் அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன. பத்து வயது கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் மறுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்று ஆகஸ்டில் சொன்ன உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. மூச்சுத் திணறும் ஊரில் இந்த விதிகளின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பத்தாண்டு விதி எண்ணியது வயதைத்தான். வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை அல்ல.

எனவே வயதான வண்டிகள் தடையில்லாச் சான்றிதழுடன் வேறு மாநிலங்களுக்கு விலைபோகின்றன. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்டை. அடுத்து, புகையை.

புகையில் புதிய வண்டிகளின் சிக்கல் வேறு. 2020-ல் பி.எஸ். 6 வந்தபின் டீசல் கார்களின் புகைபோக்கிப் பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டராக ஓட்டினால் அந்தச் சூடு வராது. கரியை எரிக்க என்ஜின் கூடுதலாக டீசலைச் செலுத்திப் பார்க்கும். பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்தினால், எரியாத டீசல் கீழே வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். அளவுகோலில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். உடனே மாற்ற வேண்டும், அதுவும் சாம்பல் குறைவாக விடும் ரக ஆயிலாக. வடிகட்டியையே கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. அது விதிமீறல் மட்டுமல்ல, மொத்தக் கரியையும் அடுத்தவர் நுரையீரலுக்கு அனுப்பும் யோசனை.

மற்றவை எளியவை. உயர்ந்த கியரில் வண்டி திணறத் திணற ஆக்ஸிலேட்டரை மிதிக்காதிருப்பது, நெடுஞ்சாலையில் விரட்டி வந்ததும் டர்போ ஆறுவதற்கு ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைப்பது, டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிப்பது.

கரி வடிகட்டி விளக்கு எரிந்தாலும் பெரும்பாலும் பீதி தேவையில்லை. ஞாயிறு காலை யமுனா விரைவுச் சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம், அரை மணி ஓட்டினால் விளக்கு அணைந்துவிடும். அணையாவிட்டால் சர்வீஸ் நிலையம்தான். திரும்பி வந்ததும் முன்பக்கத்தில் அப்பியிருக்கும் பூச்சிகளை வெயில் ஏறுவதற்குள் ஈரத்துணி போட்டு ஊறவைத்துவிட வேண்டும்.