அஞ்செட்டி வழித்தடம்: ஓசூர் மேட்டுநிலம் முதல் ஒகேனக்கல் வரை

அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர். முன்பு தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருந்த இது, பின்னர் தனி வட்டத்தின் தலைமையிடமாக ஆனது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலை, தொழில் நகரத்தையும் காவிரி ஆற்றையும் காட்டின் வழியே இணைக்கிறது. வழியில் பெருங்கற்காலச் சின்னங்கள், கோட்டைகள், கோயில்கள், வனஉயிரினச் சரணாலயங்கள், மூன்று மொழி பேசும் ஊர்கள் ஆகியவற்றைக் காணலாம். நிதானமாகப் பார்க்க நான்கு நாட்கள் தேவைப்படும். இவ்வழித்தடத்தின் காட்டுப் பகுதி யானைகளின் வழித்தடமாகவும் இருப்பதால், இங்கு சுற்றுலா என்பது அனுமதியோடும் வழிகாட்டியோடும் நடக்க வேண்டிய ஒன்றாகும்.

நில அமைப்பு

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒகேனக்கல்லில் காவிரியின் கரை ஏறக்குறைய 250 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எனவே பயணி ஒரே சாலையில் 600 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறார். இந்த இறக்கத்தில் நிலக்காட்சி படிப்படியாக மாறுகிறது. மேலே குளிர்ந்த காற்றும், கேழ்வரகுக் கொல்லைகளும், ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்களும் உள்ளன. இடையில் மேலகிரி மலைத்தொடரின் மூங்கில் காடும் இலையுதிர் காடும் வருகின்றன. அதற்குக் கீழே முட்புதர்க் காடு. இறுதியில் ஆற்றங்கரையில் நீர்மருத மரங்கள் ஓங்கி நிற்கின்றன.

அஞ்செட்டிப் பகுதியின் முக்கிய ஓடை தொட்டஹள்ளா. கன்னடத்தில் 'தொட்ட' என்றால் பெரிய, 'ஹள்ள' என்றால் ஓடை. மழைக்காலத்தில் பெருகியும் கோடையில் மணலாகவும் காணப்படும் இவ்வோடை காவிரியில் கலக்கிறது.

முதல் நாள்: கற்திட்டையும் கோட்டையும்

பயணத்தைக் கிருஷ்ணகிரியில் தொடங்குவது வசதி. அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் இம்மாவட்டத்தில் கிடைத்த நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆநிரைகளைக் காக்கப் போரிட்டு இறந்தவர்களுக்கும், புலியோடும் பன்றியோடும் மோதி இறந்தவர்களுக்கும் எடுக்கப்பட்ட நடுகற்கள் இந்தப் பகுதியில் மிகுதி. கால்நடையும் காடும் இம்மக்களின் வாழ்வில் எவ்வளவு முக்கியமாக இருந்தன என்பதற்கு இவை சான்று.

இம்மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று கணிக்கப்பட்டதைத் தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டப்பேரவையில் அறிவித்தது. மல்லசந்திரத்தில் ஒரு பாறைக்குன்றின் மீது கற்திட்டைகள் பெருந்தொகையாக நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமச்சின்னங்கள் இவை. ஊரார் இவற்றைப் பாண்டவர் வீடு என்கின்றனர்.

கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை ஆகிய இடங்களின் மலைக்கோட்டைகள் பாராமகால் எனப்பட்ட பகுதியின் காவல் அரண்களாக இருந்தவை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், ஆங்கிலேயர் இராயக்கோட்டையைப் பிடித்தனர். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கு நிலங்களை அளந்து வரி விதித்த அனுபவத்திலிருந்தே, பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி முறை உருவானது. உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் முறை இது. பாடநூலில் ஒரு வரியாகப் படிக்கும் செய்தியை, இராயக்கோட்டை மலைமீது நின்று கீழே விரியும் வயல்களைப் பார்க்கும்போது மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் நாள்: ஓசூரும் தேன்கனிக்கோட்டையும்

ஓசூர் இன்று மோட்டார் வாகனம், கைக்கடிகாரம் முதலிய தொழிற்சாலைகளால் அறியப்படுகிறது. அதே ஊரில், குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் தேர்த்திருவிழாவுக்குத் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநில மக்களும் வருகின்றனர். அருகிலுள்ள தொரப்பள்ளி, 1878 டிசம்பர் 10-ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது.

ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் தேன்கனிக்கோட்டை உள்ளது. இங்குள்ள பேட்டராய சுவாமி கோயிலில் திருமால் வேட்டைக்குச் செல்லும் அரசராக வழிபடப்படுகிறார். 'பேட்டெ' என்பது வேட்டையைக் குறிக்கும் கன்னடச் சொல். காட்டின் வாசலில் அமைந்த ஊருக்கு வேட்டைக்கோலத் தெய்வம் பொருத்தமே.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் உள்ள அய்யூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பூங்கா அமைந்துள்ளது. அதன் அருகில் பெட்டமுகிலாளம் மலையூர் உள்ளது. கன்னடத்தில் 'பெட்ட' என்றால் மலை. ஊர்ப்பெயர்களைக் கவனித்தாலே இப்பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து வாழ்வது தெரியும். ஒரே வீட்டில் ஒரு மொழியும், சந்தையில் இன்னொன்றும், பள்ளியில் மூன்றாவதும் பேசும் குழந்தைகள் இங்கு உண்டு.

மூன்றாம் நாள்: அஞ்செட்டிக் காடு

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குச் செல்லும் சாலை காட்டின் ஊடே வளைந்து இறங்குகிறது. இப்பகுதிக் காடுகளுக்கு இரண்டு சரணாலயங்களின் பாதுகாப்பு உண்டு. காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 686 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி வனச்சரகங்களின் காடுகள் இரண்டாவது சரணாலயத்தில் அடங்கும். இவை கர்நாடகத்தின் காவிரி வனஉயிரினச் சரணாலயத்தோடும் பன்னர்கட்டா தேசியப் பூங்காவோடும் தொடர்ந்து ஒரே காடாக இருப்பதே இவற்றின் சிறப்பு.

யானை, சிறுத்தை, காட்டெருது, கடமான், நாற்கொம்பு மான் ஆகியவை இக்காட்டில் வாழ்கின்றன. ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணில் வசிக்கிறது. மரத்துக்கு மரம் கிளைவழியே தாவிச் செல்லும் இந்த அணிலுக்கு இடைவெளி இல்லாத மரவரிசை தேவை. பத்து மரங்களை வெட்டினால், மீதமுள்ள நூறு மரங்களும் அதற்குப் பயன்படாமல் போகலாம்.

இக்காட்டை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்த இவ்வேட்டைக்காரர் 1954-இல் வெளியிட்ட முதல் நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலி பற்றிய கதை இடம்பெற்றது.

அஞ்செட்டிச் சுற்றுவட்டாரத்தில் இருளர், இலம்பாடியர், இலிங்காயத்தார் முதலிய பல சமூகத்தினர் வாழ்கின்றனர். தேன், புளி, கடுக்காய் போன்ற காடுபடு பொருட்களைச் சேகரிப்பதில் இருளர் தேர்ந்தவர்கள். காலடித் தடம், ஒடிந்த கிளை, சாணத்தின் ஈரம் ஆகியவற்றைக் கொண்டே யானை எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

உணவிலும் இப்பகுதிக்குத் தனி அடையாளம் உண்டு. கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு, கீரை மசியல், மார்கழி மாதத்தில் அவரைக்கொட்டைச் சாறு ஆகியவை அன்றாட உணவு. களியைக் கன்னடம் பேசுவோர் 'முத்தெ' என்பர்.

நான்காம் நாள்: காவிரிக்கரை

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லை அடையலாம். காட்டுச் சாலை என்பதால் இருட்டுவதற்குள் கடந்துவிடுவது நல்லது. இந்தப் பகுதியில் காவிரி இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. அஞ்செட்டி வட்டத்தின் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடும் நீர் இங்குதான் அளக்கப்படுகிறது. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் இவ்விடத்தைக் கடந்து வர வேண்டும். தஞ்சைப் பகுதி உழவர்கள் செய்தித்தாளில் தேடும் ஊர்ப்பெயர் இது. இங்கிருந்து மேல்நோக்கிய ஆற்றில், மேகேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணை கட்டக் கர்நாடகம் முனைகிறது. தமிழ்நாடு அதை எதிர்க்கிறது.

ஒகேனக்கல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 'ஹொகே' என்பது புகை, 'கல்' என்பது பாறை. நீர் பாறையில் மோதிப் புகைபோல் எழுவதால் இப்பெயர். மூங்கிலால் வட்டமாகப் பின்னப்பட்ட பரிசல்களில் பயணிகள் ஆற்றில் செல்கின்றனர். முன்பு பரிசலின் அடியில் தோல் போர்த்தப்பட்டது. இப்போது நெகிழித்தாள் ஒட்டித் தார் பூசுகின்றனர். தென்மேற்குப் பருவமழையின்போது கர்நாடக அணைகளிலிருந்து நீர்திறப்பு கூடினால் பரிசல் இயக்கவும் குளிக்கவும் தடை விதிக்கப்படும். அந்தத் தடையை மீறாதிருப்பது உயிர்காக்கும் செயல்.

காவிரியின் ஆழமான மடுக்களில் திமிலுள்ள மாசீர் என்னும் பெரிய மீன் வாழ்ந்து வந்தது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டுள்ளது. முதலை, நீர்நாய், மென்னோட்டு ஆமை ஆகியவையும் இந்த ஆற்றைச் சார்ந்தவை.

யானைகளின் பயணம்

இவ்வழித்தடத்தில் மனிதருக்கு முன்பே பல நாள் பயணம் செய்தவை யானைகள். ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. அது கேழ்வரகு கதிர் முற்றும் காலம். அறுவடை முடியும்வரை உழவர்கள் பரண்மீது இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்கின்றனர். ஒரே இரவில் ஓர் ஆண்டு உழைப்பு அழிந்துபோவதும், யானை தாக்கி மனிதர் இறப்பதும், சட்டவிரோத மின்வேலியில் யானை இறப்பதும் இப்பகுதியின் துயரங்கள். அகழி, கம்பிவட வேலி முதலியவற்றை வனத்துறை அமைத்து வருகிறது.

வழியில் ஒரு வேலியோ சொகுசு விடுதியோ எழுந்தால் யானை பயணத்தை நிறுத்துவதில்லை. வேறு வழி தேடுகிறது. அந்த வேறு வழி பெரும்பாலும் ஏதோ ஓர் ஏழை உழவரின் கொல்லை வழியாகவே போகும். எனவே சுற்றுலாப் பயணி எங்கே தங்குகிறார், எந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை.

உலகில் வேறிடங்களிலும் இக்கேள்வி உண்டு. மெக்சிகோவின் தென்கிழக்கில் மாயா நாகரிக நகரங்களின் இடிபாடுகளும் மழைக்காடும் சேர்ந்தே இருக்கின்றன. அங்குள்ள கலக்முல், பண்பாடு, இயற்கை என்ற இரு தகுதிகளிலும் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டது. அப்பகுதியில் பல நாள் வழிகாட்டிச் சுற்றுலாக்கள் புகழ்பெற்றவை. 2023 டிசம்பரில் அங்கு ஓடத்தொடங்கிய மாயா தொடர்வண்டி, பின்தங்கிய மாநிலங்களுக்கு வருமானம் தரும் என்றது அரசு. பாதைக்காக வெட்டப்பட்ட காடு சிறுத்தையினமான ஜாகுவாரின் வழியைத் துண்டிக்கிறது என்றனர் சூழலியலாளர். பார்க்க வருவோருக்காகச் செய்யும் வசதியே பார்க்க வந்ததை அழித்துவிடக் கூடாது என்பதே இரண்டு இடங்களுக்கும் பொதுவான பாடம்.

வழிகாட்டியின் தேவை

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநில அரசு 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இணையவழிப் பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இதில் கட்டாயம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் மலைமுடியும், அய்யூர்–சாமி ஏரிப் பாதையும் இப்பட்டியலில் உள்ளன. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். காட்டைப் பற்றிய அவர்களது அறிவுக்கு ஊதியம் கிடைக்கும்போது, காடு நிலைத்திருப்பதில் அவர்களுக்கும் பங்கு ஏற்படுகிறது.

பயணிகள் கவனத்துக்கு

• சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.
• காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குதல், ஒலிப்பான் அடித்தல், விலங்குகளுக்குத் தின்பண்டம் தருதல் கூடாது.
• யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, அது கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும்.
• கோடையில் தீ அபாயம் மிகுந்த வாரங்களில் மலையேற்றப் பாதைகள் மூடப்படும். புறப்படும் முன் விசாரிப்பது நல்லது.
• நெகிழிப் பைகளையும் கண்ணாடிக் குப்பிகளையும் காட்டிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவரக் கூடாது. உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தையும் கிழிக்கும்.
• பழங்குடியினர் குடியிருப்புகளில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அவர்களிடம் தேனோ புளியோ வாங்கினால் உரிய விலை கொடுக்க வேண்டும்.